முந்தைய நோயாளிக்கு ஏற்றிய மருந்து: குடல் தொற்று எப்படிப் பரவுகிறது?

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில். நிமோனியா என்று வந்து ஒரு வாரம் படுத்திருந்தவர் குணமாகி வீட்டுக்குப் போகிறார். அவருக்கு ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். வயிற்றில் எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை. விரிப்பை உருவி, மெத்தையைத் துடைத்து, அதே கட்டிலில் இன்னொருவரைப் படுக்க வைக்கிறார்கள். இவர் கால் எலும்பு முறிந்து வந்தவர். முன்பு படுத்திருந்தவருக்கு ஏற்றிய மருந்து இவருடைய வயிற்றைக் கெடுக்குமா?

கெடுக்கக்கூடும் என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நியூயார்க்கில் நான்கு ஆஸ்பத்திரிகளில், ஒரே கட்டிலில் அடுத்தடுத்துப் படுத்தவர்களை ஜோடி ஜோடியாக எடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,00,000-க்கும் மேற்பட்ட ஜோடிகள். முன்பு இருந்தவர் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால், அடுத்து வந்தவருக்கு சி. டிஃபிசில் என்ற கிருமியால் பேதி வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடியிருந்தது. அடுத்து வந்தவர் தாமே ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் இந்த முடிவு. முன்பு இருந்தவருக்கு ஏற்கெனவே அந்த நோய் இருந்த ஜோடிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. அந்த ஒரு லட்சம் பேரில் நோய் வந்தது 576 பேருக்குத்தான். ஆகவே தனி ஒருவருக்கு ஆபத்து சிறியது, பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் 'என் மருந்து, என் உடம்பு' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கணக்கு தப்பு என்பது அதிலிருந்து தெரிகிறது. அது எப்படித் தப்பாகிறது என்று விளங்கிக்கொண்டால், குடல் தொற்று பரவும் விதம் முழுவதும் விளங்கிவிடும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மலத்திலிருந்து வாய்க்கு

குடல் தொற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பல. காலரா, டைபாய்டு, சீதபேதியைக் கொண்டுவரும் ஷிகெல்லா, சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர், ஈ. கோலையில் சில மோசமான வகைகள், ஆஸ்பத்திரிகளில் பேர்போன சி. டிஃபிசில். ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு, பாதை ஒன்றே. ஒரு மனிதரின் அல்லது விலங்கின் மலத்தில் வெளியேறிய கிருமி இன்னொருவர் வாய்க்குள் போய்ச் சேர வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு 'சுகாதாரக் குறைவு' என்று பொதுப்படையாகப் பேசுவதால்தான் பலருக்குப் பாதையே பிடிபடுவதில்லை. தண்ணீர், கை, உணவு, ஈ, கதவுக் கைப்பிடி எல்லாம் நடுவில் வரும் வண்டிகள். ஏறும் இடமும் இறங்கும் இடமும் மாறுவதே இல்லை.

எந்த வண்டியில் போகும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஓர் எண். நோய் வர எத்தனை கிருமி உள்ளே போக வேண்டும் என்ற எண். ஷிகெல்லாவுக்கு 10 முதல் 200 வரை போதும். கண்ணுக்கே தெரியாத ஒரு துளி அழுக்கில் அதைவிட அதிகம் இருக்கும். அதனால்தான் அது தண்ணீரை எதிர்பார்க்காமல், குழந்தைகள் காப்பகத்தில் ஒரு பிள்ளையின் விரலிலிருந்து அடுத்த பிள்ளையின் விரலுக்குத் தாவிவிடுகிறது. காலராவின் கணக்கு வேறு. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு வெறும் தண்ணீரில் கலந்து கொடுத்தால், நோய் வரக் கோடிக்கணக்கில் கிருமி தேவைப்பட்டது என்று தன்னார்வலர்களிடம் நடத்திய சோதனைகள் காட்டின. காரணம் இரைப்பையில் சுரக்கும் அமிலம். உள்ளே போகும் காலராக் கிருமிகளில் பெரும்பங்கை அதுவே கொன்றுவிடுகிறது. கிருமியைக் கொடுப்பதற்கு முன்னால் சோடா உப்பைக் கொடுத்து அமிலத்தை முறித்தபோது, முன்பு தேவைப்பட்டதில் மிகச் சிறிய பங்கே போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை இன்று எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் தினமும் விழுங்குகிறார்கள். புண் இருப்பவருக்கும், ரத்தக்கசிவு அபாயம் இருப்பவருக்கும் அது தேவையான மருந்துதான். எதற்காக ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோய் அதைத் தொடர்பவர்கள், வாசலில் நிற்கும் காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்கள். அமிலம் குறைந்தவர்களுக்கு சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் தொற்றுகள் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

குடலில் குடியிருப்பவர்கள்

வாசலைத் தாண்டி வந்தாலும் கிருமிக்கு வேலை முடிவதில்லை. பெருங்குடலில் ஏற்கெனவே கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நமக்குக் கெடுதல் செய்யாதவை; பலவிதத்தில் உபகாரம் செய்பவை. புதிதாக வரும் கிருமிக்கு அங்கே இருக்க இடமும் இல்லை, தின்ன மிச்சமும் இல்லை.

இந்தக் குடியிருப்பின் பலம் எவ்வளவு என்பதை 1954-ல் ஓர் எலிச் சோதனை காட்டியது. சாதாரண எலிக்கு சால்மொனெல்லாத் தொற்று வர வேண்டுமானால் சுமார் 1,00,000 கிருமிகளை ஊட்ட வேண்டியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரே ஒரு பெரிய வேளை கொடுத்த பிறகு, பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமானதாக இருந்தன. எலி அதே எலி, கிருமி அதே கிருமி. நடுவில் குடியிருந்தவர்கள் மட்டும் செத்துப்போயிருந்தார்கள். எழுபது வருஷத்துக்கு முந்தைய அந்தச் சோதனையைத்தான், ஆஸ்பத்திரி வார்டுகளில் நாம் தெரியாமலேயே மனிதர்களிடம் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம்.

வளர்க்கச் சிரமமான கிருமி

சி. டிஃபிசில், முழுப்பெயரில் க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில், 1935-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த இடம் நோயாளிகளின் வயிறு அல்ல. ஆரோக்கியமாகப் பிறந்த பச்சைக் குழந்தைகளின் மலம். ஆய்வகத்தில் வளர்க்கப் பெரும்பாடு பட்டதால், 'கடினமானது' என்ற பொருளில் அந்தப் பெயர். காற்றில் இருக்கும் ஆக்சிஜனே அதற்கு விஷம். அந்தக் குழந்தைகள் எல்லாம் கொழுகொழுவென்று நன்றாகவே இருந்ததால், அது நோய்க்கிருமி என்று நாற்பது வருஷம் யாரும் பெரிதாகக் கருதவில்லை. கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எடுத்த சிலருக்கு மோசமான பேதியும் குடல் அழற்சியும் வந்ததைக் கவனித்து, காரணத்தைத் தேடிப் போய், 1978-ல்தான் இந்தக் கிருமியைப் பிடித்தார்கள்.

ஆக்சிஜன் பட்டாலே செத்துவிடும் ஒன்று, கட்டிலிலிருந்து கட்டிலுக்கு எப்படிப் போகிறது? அதற்கு ஒரு வேஷம் இருக்கிறது. வெளியே போகும் நேரத்தில் அது வித்தாக மாறிக்கொள்கிறது. விதை என்று நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே உயிர் உறங்கும், சுற்றிலும் அடுக்கடுக்காக ஓடு. சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், காற்று பட்டாலும் கவலையில்லை. உலர்ந்த தரையிலும் கட்டில் கம்பியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். வயிற்று அமிலமும் அதை ஒன்றும் செய்வதில்லை. கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் சானிடைசரும் அப்படியே. ஈ. கோலை, சால்மொனெல்லா போன்றவற்றைச் சில விநாடிகளில் கொல்லும் அதே திரவம், இந்த ஓட்டின் மேல் பட்டு வழிந்து போய்விடும்.

விழுங்கப்பட்ட வித்து சிறுகுடலுக்கு வந்ததும் ஒரு சமிக்ஞைக்காகக் காத்திருக்கிறது. கொழுப்பைச் செரிக்க ஈரல் அனுப்பும் பித்த அமிலம்தான் அந்தச் சமிக்ஞை. அது பட்டதும் ஓடு உடைந்து கிருமி விழிக்கிறது. இயல்பான குடலில் அடுத்து ஓர் அருமையான காரியம் நடக்கிறது. பெருங்குடலில் குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள் அதே பித்த அமிலத்தைச் சற்றே மாற்றி வேறொரு வடிவமாக்கிவிடுகின்றன. அந்த மாறிய வடிவம் சி. டிஃபிசிலை வளரவிடாது. எழுப்பிவிடுவதும் பித்தம், அடக்கி வைப்பதும் பித்தம். ஆன்டிபயாட்டிக் அந்த நடுவேலை செய்பவர்களைக் கொன்றுவிட்டால், எழுப்பும் பித்தம் மட்டும் மிஞ்சும், அடக்கும் பித்தம் இருக்காது. அந்த நேரத்தில் வந்து சேரும் வித்துக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

வளர ஆரம்பித்ததும் அது இரண்டு நச்சுகளை வெளிவிடுகிறது. குடற்சுவரின் செல்களைத் தாங்கி நிற்கும் உள்சாரத்தை அவை சரித்துவிடுகின்றன. செல்கள் சுருங்கி, ஒன்றுக்கொன்று இருந்த பிடிப்பு விடுபட்டு, நீர் கசிகிறது. ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போவது தொடக்கம். முற்றினால் குடலின் உட்பக்கத்தில் மஞ்சள் திட்டுகள் படியும். குடல் வீங்கி விரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலும் இதில் மாட்டுபவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள்.

இப்போது முதலில் சொன்ன கட்டிலுக்குத் திரும்புவோம். முன்பு படுத்திருந்த நிமோனியாக்காரர், தமக்குத் தெரியாமலே குடலில் கொஞ்சம் சி. டிஃபிசிலைச் சுமந்தவராக இருந்திருக்கலாம். குடியிருப்பவர்கள் அதை அடக்கியே வைத்திருந்தார்கள். ஆன்டிபயாட்டிக் ஏறியதும் அது பெருகியது. அவருக்குப் பேதி வரும் அளவுக்குப் போகவில்லை, ஆனால் வித்துகள் கூடுதலாக வெளியேறின. கட்டில் கம்பி, மெத்தை மடிப்பு, அழைப்பு மணியின் பொத்தான் எல்லாவற்றிலும் ஒட்டின. துடைத்த துணியில் பிளீச்சிங் இருந்திருக்காவிட்டால் அவை சாகவில்லை, இடம்தான் மாறின. கால் முறிந்தவர் அங்கே வந்து படுத்தார். இது அந்த ஆய்வுக்கு நிபுணர்கள் சொல்லும் விளக்கம். எனக்கு இதைவிடப் பொருத்தமான இன்னொன்று தெரியவில்லை.

கட்டை விரல்

தொற்றுத் தடுப்புப் பயிற்சி ஒன்றில் ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். எல்லோர் கையிலும் ஒரு களிம்பைத் தடவினார்கள். சாதாரண வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் ஒளிரும். 'வழக்கம்போல் கை கழுவி வாருங்கள்' என்றார்கள். கழுவிவிட்டு வந்து விளக்கின் கீழ் நீட்டினோம். உள்ளங்கை சுத்தமாக இருட்டாக இருந்தது. கட்டை விரலின் வெளிப்புறம், நகத்தின் ஓரங்கள், விரல் இடுக்குகள், மோதிரத்தின் அடி எல்லாம் பளிச்சென்று நீலமாக மின்னின. எங்களில் இருபது வருஷம் வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அக்காவும் இருந்தார். தம் கட்டை விரலையே அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பயிற்சி தருபவர் தம் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து விளக்கின் கீழே காட்டினார். கழுவப் போகும் முன் வருகைப் பதிவில் கையெழுத்திட நாங்கள் எல்லோரும் வாங்கிய பேனா. அதன் மேல் முழுவதும் நீலம்.

ஒரு வார்டில் ஒரு நாளில் நடப்பதை அந்தப் பேனாவின் இடத்திலிருந்து பாருங்கள். பேதியாகும் நோயாளியின் பெட்பேனை எடுத்துச் செல்கிறார்கள். கையுறை போட்டிருக்கிறார்கள், சரி. அதே கையுறையோடு கதவைத் தள்ளுகிறார்கள். கையுறையைக் கழற்றும்போது வெளிப்பக்கம் மணிக்கட்டில் உரசுகிறது. அடுத்த நோயாளிக்கு ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றுகிறார்கள். அந்தப் பட்டை முந்தைய நோயாளியின் கையிலிருந்து நேராக வந்தது. மலத்துவாரத்தில் வைத்துப் பார்க்கும் மின்னணு வெப்பமானியைப் பலருக்கும் பொதுவாக வைத்திருந்த ஆஸ்பத்திரிகளில், அதை ஆளுக்கொன்றாக மாற்றியதும் சி. டிஃபிசில் நோய் குறைந்த அனுபவம் பதிவாகியிருக்கிறது. கழிவறையில் மூடி திறந்திருக்கும்போது தண்ணீரை இழுத்துவிட்டால், இருக்கைக்கு 25 செ.மீ. உயரத்தில் காற்றிலிருந்து இந்தக் கிருமியைப் பிடிக்க முடிந்தது என்று 2012-ல் ஒரு சோதனை காட்டியது.

இதில் யாரையும் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள் என்று சுமத்திவிட்டு, ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு ஒழுங்காகக் கை கழுவவில்லை என்று கேட்பது நியாயமில்லை. ஆள் பற்றாக்குறையும், கட்டில்களுக்கு நடுவே இடைவெளி இல்லாததும், தனியறை இல்லாததும் கிருமிக்குத் துணை போகும் காரணங்கள். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் 2003-க்கும் 2005-க்கும் நடுவில் இரண்டு முறை இந்த நோய் பரவி, 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு நடந்த அரசு விசாரணை, நிர்வாகம் மற்ற இலக்குகளை முன்னே வைத்து, நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதைப் பின்னே தள்ளியதையே கடிந்துகொண்டது.

எது குறைத்தது?

ஸ்டோக் மாண்டவிலில் பரவியது 027 என்று எண்ணிட்டு அழைக்கப்படும் ஒரு வகை. அதே வகைதான் 2002 முதல் கனடாவின் கியூபெக் மாகாணத்து ஆஸ்பத்திரிகளைக் கலக்கியது. அங்குள்ள ஷெர்புரூக் பகுதியில் 1991-ல் இருந்ததைவிட 2003-ல் நோய் நான்கு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் முதலான ஃப்ளோரோகுயினலோன் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கு 027 அடங்காது. அந்த மருந்துகள் அப்போது தாராளமாகப் புழங்கின. மருந்து மற்ற பாக்டீரியாக்களைத் துடைத்துப் போட, 027 மட்டும் நிமிர்ந்து நின்றது.

இங்கிலாந்தில் 2007-08-ல் சி. டிஃபிசில் நோயாளிகள் 55,000-க்கும் மேல். 2012-13-ல் 15,000-க்கும் கீழே. இவ்வளவு பெரிய இறக்கம் ஆஸ்பத்திரித் தொற்றுகளில் அடிக்கடி காணக் கிடைப்பதில்லை. அந்தக் காலத்தில் இரண்டு காரியங்களைச் சேர்ந்தாற்போல் செய்தார்கள்: ஆஸ்பத்திரிகளைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள், ஃப்ளோரோகுயினலோன் மருந்துகளை வெகுவாகக் குறைத்தார்கள். எது பலித்தது?

2017-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கெட்டிக்காரத்தனமாகப் பிரித்துக் காட்டியது. சுத்தம்தான் காரணம் என்றால் எல்லா வகை சி. டிஃபிசிலும் ஒரேபோலக் குறைந்திருக்க வேண்டும். பிளீச்சிங்குக்கு வகை வித்தியாசம் தெரியாது. கிருமிகளின் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, அந்த மருந்துக்கு அடங்காத வகைகள் மட்டும் சரிந்திருந்தன. அடங்கும் வகைகள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தன. ஆக, பெரிய வேலையைச் செய்தது மருந்துச் சீட்டு. சுத்தம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கழுவாத கை எல்லாக் குடல் கிருமிக்கும் வண்டிதான். ஆனால் துடைப்பத்தால் மட்டும் இந்த நோயை விரட்ட முடியாது.

சுவருக்கு அந்தப் பக்கம்

இவ்வளவும் படித்தவர்கள் 'ஆஸ்பத்திரிக்குப் போனால்தானே வம்பு' என்று நினைக்கலாம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டுஷயரில் 2007 முதல் 2011 வரை சி. டிஃபிசில் வந்தவர்களிடமிருந்து எடுத்த 1,200-க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளின் மரபணுவை முழுதாகப் படித்தார்கள். இருவருடைய கிருமி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கலாம் என்று பொருள். அப்படிப் பொருந்தியவை 35 சதவீதம்தான். 45 சதவீதம் பேருடைய கிருமி, முன்பு வந்த எந்த நோயாளியின் கிருமியோடும் ஒத்துப்போகவே இல்லை. நோயாளியிடமிருந்து நோயாளிக்கு வார்டுக்குள் பரவுவதே முழுக்கதை என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

மற்றவை எங்கிருந்து வந்தன? பேதியே இல்லாமல் கிருமியைச் சுமப்பவர்களிடமிருந்து வந்திருக்கலாம். பச்சைக் குழந்தைகள் அப்படிச் சுமப்பது சகஜம். அவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. மண்ணிலும், கால்நடைகளிடத்திலும், சில உணவுப்பொருள்களிலும் இந்தக் கிருமி கிடைக்கிறது. அமெரிக்காவில் 2011-ல் சுமார் 4,53,000 பேருக்கு இந்தத் தொற்று வந்ததாக மதிப்பிட்டார்கள். அதில் சுமார் 1,59,700 பேர் ஆஸ்பத்திரியில் தங்காமலே, வெளியில் இருந்தபடி நோய் வாங்கியவர்கள். அப்படி வாங்கியவர்களை விசாரித்தால், பெரும்பாலானவர்கள் சமீபத்தில் ஏதோ ஒரு டாக்டரையோ பல் டாக்டரையோ பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி என்பது கட்டடத்தோடு முடிவதில்லை. கையில் மாத்திரை அட்டையோடு நம் வீடு வரைக்கும் வருகிறது.

வெளியிலிருந்து உள்ளே போகும் பாதைக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு துயரக் கதை இருக்கிறது. மேரி மாலன் நியூயார்க்கில் பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர். 1906-ல் கோடைக்காலத்துக்கு வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. துப்புத் துலக்கப் போன ஜார்ஜ் சோப்பர், மேரி வேலை பார்த்த வீடு வீடாகப் பின்னோக்கிப் போனார்; போன வீடுகளில் பெரும்பாலானவற்றில் டைபாய்டு. மேரிக்குக் காய்ச்சலே வந்ததாக நினைவில்லை. டைபாய்டு வந்து குணமானவர்களில் நூற்றில் ஓரிருவருக்கோ சற்றுக் கூடுதலானவர்களுக்கோ கிருமி பித்தப்பையில் தங்கிவிடும், குறிப்பாக அங்கே கல் இருந்தால். வருஷக்கணக்கில் மலத்தில் வந்துகொண்டே இருக்கும். 1907-ல் மேரியைப் பிடித்து ஒரு தீவில் வைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்து 1910-ல் வெளியே வந்தார். 1915-ல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு வந்து இருவர் இறந்தார்கள். அங்கே வேறு பெயரில் சமையல்காரராக இருந்தவர் மேரி. திரும்பவும் அதே தீவு. 1938-ல் இறக்கும்வரை அங்கேதான்.

அவரைக் கொடியவராகச் சித்திரித்தே உலகம் பழகிவிட்டது. உடம்பில் ஒரு குறையும் தெரியாத ஒரு பெண்ணிடம் 'நீ ஆட்களைக் கொல்கிறாய்' என்றால் எப்படி நம்புவார்? சமையலுக்கு ஈடாகச் சம்பளம் தரும் இன்னொரு வேலையையும் அவருக்கு யாரும் ஏற்பாடு செய்து கொடுக்கவில்லை. கிருமியைச் சுமப்பவரைத் தண்டிக்காமல், பிழைப்புக்கு வழி செய்து கொடுத்தால்தான் அவர் ஒத்துழைப்பார் என்பதை இன்றும் பல இடங்களில் மறந்துவிடுகிறோம். வயிற்றுப்போக்கோடு சமையலறை வேலைக்கு வரும் ஆள், விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதால்தான் வருகிறார்.

ஊரில் பரவும்போது வேகம் மாறுகிறது. வார்டில் கை வழியே ஒன்றிரண்டாகப் பரவுவது, வெளியே தண்ணீர் வழியே ஒரே நாளில் ஊர் முழுக்கப் பாய்கிறது. கனடாவின் வாக்கர்டன் என்ற சிறு ஊரில் 2000-ம் வருஷம் மே மாதம் பெருமழை பெய்து, மாட்டுச் சாணம் கரைந்து குடிநீர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. குளோரின் அளவைச் சரியாகக் கண்காணிக்கவில்லை. ஈ. கோலை ஓ157 என்ற வகையும் காம்பைலோபாக்டரும் குழாய் வழியே வீடுகளுக்குப் போயின. சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள்; 7 பேர் இறந்தார்கள். அங்கே எத்தனை பேர் எத்தனை முறை கை கழுவியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. கழுவிய தண்ணீரிலேயே கிருமி இருந்தது.

குடியிருப்பவர்களைத் திரும்பக் கூட்டி வருவது

சி. டிஃபிசிலுக்கு வாய்வழி வேன்கோமைசின், ஃபிடாக்சமைசின் போன்ற மருந்துகள் உண்டு. கிருமியைக் கொல்ல மறுபடியும் ஆன்டிபயாட்டிக் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். குடியிருப்பு திரும்புவதற்குள் மிச்சமிருந்த வித்துகள் முளைத்துவிடுகின்றன. சுமார் ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. திரும்பியவர்களுக்கு இன்னொரு முறையும் திரும்பும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

1958-ல் அமெரிக்காவில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவர், குடல் அழற்சியால் சாகும் தறுவாயில் இருந்த 4 நோயாளிகளுக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து எனிமாவாகக் கொடுத்தார். நால்வரும் தேறினார்கள். கேட்கவே முகம் சுளிக்கும் இந்த வைத்தியத்தை 2013-ல் நெதர்லாந்தில் முறையாகச் சோதித்தார்கள். நோய் திரும்பத் திரும்ப வந்த 16 பேருக்குக் கொடுத்ததில் 15 பேர் குணமானார்கள். வெறும் வேன்கோமைசின் கொடுத்தவர்களில் மூன்றில் ஒருவர்கூட அப்படிக் குணமாகாததால், சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் இதே அடிப்படையில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. அதில் ஒன்று வாயால் விழுங்கும் மாத்திரை. வீட்டில் தாமாகச் செய்து பார்க்கும் காரியமில்லை இது. சரியாகப் பரிசோதிக்காத மலத்தின் வழியே மருந்துக்கு அடங்காத ஈ. கோலை போய், ஒருவர் இறந்ததை 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவித்து எச்சரித்தது.

வீட்டில் ஒருவருக்குப் பேதி என்றால்

எந்தக் கிருமி என்று தெரியாவிட்டாலும் முதல் வேலை, போகும் நீரை ஈடு செய்வது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தாலும் சில நிமிஷம் விட்டு மீண்டும் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் நின்றுபோவது, தலை சுற்றி எழ முடியாமை, குழந்தை துவண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். ரத்தமும் காய்ச்சலும் இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தாமாகக் கொடுக்கக் கூடாது. முன்பு எப்போதோ வாங்கி மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கையும் தொடாதீர்கள், ஈ. கோலை ஓ157 வகையாக இருந்தால் ஆன்டிபயாட்டிக்கே சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிக்கலைக் கூட்டக்கூடும்.

அவர் கழிவறைக்குப் போய் வந்த பிறகும், அவரைப் பராமரித்த பிறகும், சோப்பும் ஓடும் தண்ணீருமாக 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வித்தைக் கொல்வதில்லை. தேய்க்கும் தேய்ப்பில் அது கையிலிருந்து பிரிந்து தண்ணீரோடு போய்விடுகிறது, நமக்கு அது போதும். கட்டை விரலை மறக்காதீர்கள். சி. டிஃபிசில் என்று உறுதியானால் கழிவறை இருக்கை, குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி ஆகியவற்றை பிளீச்சிங் கரைசலால் துடைத்துச் சில நிமிஷம் ஈரமாகவே விடுங்கள். வேறெந்தக் கிருமிநாசினியோடும், முக்கியமாக அமிலத்தோடு, அதைக் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும். பேதி நின்று 48 மணி நேரமாவது ஆகும்வரை அவர் மற்றவர்களுக்குச் சமைக்க வேண்டாம். நின்ற பிறகு 'கிருமி போய்விட்டதா' என்று பார்க்க மறுபடி சி. டிஃபிசில் பரிசோதனை செய்வதில் பயனில்லை. குணமானவர்களிடமும் வாரக்கணக்கில் அது தென்படும்.

சளி, சாதாரண ஜுரம் என்று போகும்போது டாக்டரிடம் 'ஸ்ட்ராங்கா ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்க சார்' என்று கேட்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அவரே எழுதினால், 'இது எதற்கு, எத்தனை நாள்?' என்று கேளுங்கள். அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் என்னென்ன ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை மூன்று மாதமாவது பத்திரமாக வைத்திருங்கள். அதற்குள் ஒரு நாள் பேதி வந்து டாக்டரிடம் போனால், 'என்ன சாப்பிட்டீர்கள்?' என்று அவர் கேட்பதற்கு முன்னால் அந்தச் சீட்டை எடுத்து நீட்டுங்கள்.